பின்டயரின் அகலம் எதுவரை?

கேள்வியின் தோற்றம்

இயந்திர பலம் மிகுந்த ஒரு காரைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி, அதன் பின்சக்கரங்களில் கம்பெனி கொடுத்த அளவைவிட அகலமான டயர்களைப் பூட்டினால், அந்தப் பலம் புகையாய்ப் போகாமல் சாலையில் இறங்குமா என்பது, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு வெறும் பட்டறைக் கேள்வியாகவே தோன்றும். ஆயினும் அதற்கு நேராகவோ மறைமுகமாகவோ விடை கூறியவர்களின் வரிசையில், பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவரும், இங்கிலாந்தின் ரப்பர் ஆராய்ச்சியாளர்களும், ஓடுபாதையில் தண்ணீரைத் தேக்கி விமானச் சக்கரங்களைப் பரிசோதித்த அமெரிக்கப் பொறியியலாளர்களும், கால் மைல் பந்தயக்காரர்களும் இடம் பெறுகிறார்கள். ஒரு சாரார் கண்டது மற்றொரு சாராருக்கு எட்டாமலும், எட்டிய இடத்தில் ஏற்கப்படாமலும் போனதாலேயே, இவ்விஷயத்தில் இன்றும் ஒன்றுக்கொன்று முரணான அபிப்பிராயங்கள் சம அந்தஸ்துடன் உலவுகின்றன.

விசாரணை அந்தரத்தில் நிற்காமலிருக்க, அமெரிக்காவில் இப்படிப் பெரிதும் மாற்றியமைக்கப்படும் ஒரு காரையே முன்னிறுத்துவோம். ஃபோர்டு கம்பெனி 2007-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட மஸ்டாங் ஷெல்பி ஜி.டி. 500, சூப்பர்சார்ஜர் பொருத்திய எட்டு சிலிண்டர் இயந்திரத்தால் 500 குதிரைசக்தி தந்தது. முன்னால் 255 மி.மீ., பின்னால் 285 மி.மீ. அகல டயர்கள். எடை சுமார் 1,780 கிலோ. அதில் ஏறத்தாழ 57 சதவீதம் முன்சக்கரங்களின் மேல். முதல் கியரும் பின் ஆக்ஸிலும் சேர்ந்து இயந்திரத்தின் முறுக்குவிசையைக் கிட்டத்தட்டப் பத்து மடங்காக்குகின்றன. வழியில் விரயமாவதைக் கழித்தாலும், டயர் தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை 1,700 கிலோ எடைக்கு ஒப்பாகிறது. ஆனால் உராய்வுக் குணகத்தை 1 என்று தாராளமாக வைத்து, பாயும்போது பின்னால் சாயும் எடையையும் கூட்டிப் பார்த்தாலும், பின்சக்கரங்களால் தாங்கக்கூடியது 950 கிலோ அளவுதான். தேவைக்கும் இருப்புக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை அகலத்தால் நிரப்பலாம் என்பதே மாற்றியமைப்பவர்களின் நம்பிக்கை. 285-ஐ 305 ஆக்குவதும் 315 ஆக்குவதும் அதனால்தான்.

அமோந்தோனின் விதி

இந்த நம்பிக்கைக்கு எதிரான வாதமே காலத்தால் முந்தியது. 1699-ல் கீயோம் அமோந்தோன் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்ததும், 1785-ல் கூலோம் விரிவான சோதனைகளால் உறுதிப்படுத்தியதுமான விதியின்படி, உராய்வு அழுத்தும் பாரத்தைப் பொறுத்ததேயன்றி, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. பள்ளிப் பாடப்புத்தகம் இன்றும் சொல்லிக்கொடுப்பது இதுவே. எடை மாறாதபோது பிடிமானமும் மாறாது, ஆகவே அகலமான டயருக்காகச் செலவிடும் பணம் அலங்காரத்துக்கு ஆகுமேயன்றி ஓட்டத்துக்கு ஆகாது என்று இவ்விதியைப் பிடித்தவர்கள் வாதிட்டனர்.

வாதம் தர்க்கத்தில் பிழையற்றது. பிழை அதன் எல்லையை மறந்ததில் இருக்கிறது. அமோந்தோனும் கூலோமும் சோதித்தவை மரமும் உலோகமும் போன்ற கெட்டிப் பொருள்கள். அவ்விதி ஏன் மெய்யாகிறது என்ற காரணத்தைக் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் விளக்கினார்கள். கெட்டிப் பொருள்கள் உண்மையில் தொடுவது மேட்டுமுனைகளில் மாத்திரமே. பாரம் கூடக்கூட அம்முனைகள் நசுங்கி, உண்மைத் தொடுபரப்பு பாரத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. வெளித்தோற்றப் பரப்பு கணக்கில் வராமல் போவது அதனால்தான். இளகி வளைந்து சாலையின் குழிவுகளுக்குள் இறங்கும் ரப்பருக்கு இந்த விகிதம் அப்படியே பொருந்துவதில்லை. அதற்குப் பிரத்தியட்சப் பிரமாணமும் உண்டு. உராய்வுக் குணகம் 1-ஐத் தாண்டாது என்று கொண்டால், சக்கரத்தால் உந்தப்படும் எந்த வாகனமும் புவியீர்ப்பு வேகவளர்ச்சியை விஞ்சிப் பாய முடியாது. கால் மைல் பந்தயக் கார்கள் அந்த எல்லையை வெகு காலத்துக்கு முன்பே கடந்துவிட்டன.

ரப்பரின் தனி நியாயம்

மாற்றுச் சித்தாந்தம் ஆய்வுக்கூடங்களில் பிறந்தது. இங்கிலாந்தில் ஷாலமாக் 1950-களில் செய்த சோதனைகள், ரப்பரின் உராய்வுக் குணகம் அழுத்தம் கூடும்போது குறைவதைக் காட்டின. குரோஷ் 1963-ல் வெளியிட்ட கட்டுரை, அவ்வுராய்வு சறுக்கும் வேகத்தையும் உஷ்ணத்தையும் ஒருங்கே பொறுத்தது என்றும், அதற்கு இரு மூலங்கள் உண்டு என்றும் நிறுவியது: ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப்பரப்பில் ஒட்டி ஒட்டிப் பிரிவது, மற்றொன்று, கல்முனைகளின் மேல் ரப்பர் அமுங்கி மீளும்போது உள்ளுக்குள்ளேயே சக்தி விரயமாவது. 2001-ல் பெர்சன் வகுத்த கணிதம், சாலையின் கரடுமுரடு பெரிய கற்களின் அளவிலிருந்து கண்ணுக்கு எட்டாத சூக்ஷ்ம அளவு வரை அடுக்கடுக்காகப் பங்கெடுப்பதையும் சேர்த்துக்கொண்டது.

அழுத்தம் குறைந்தால் குணகம் கூடும் என்ற முடிவைக் கேட்டதும், அகலக் கட்சியார் வெற்றி தங்களுடையதே என்று கருதினர். அதே பாரம் அகலமான டயரில் பரந்து விழும். ஆகவே அழுத்தம் தாழும். ஆகவே பிடிமானம் உயரும். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பத்தை அவர்கள் கவனியாமல் விட்டார்கள். இந்த முழு விவாதத்திலும் அதிகக் குழப்பத்தை விளைத்தது அதுவே என்று எண்ண இடமிருக்கிறது.

தடத்தின் உருவம்

டயரைத் தாங்குவது பெரும்பாலும் அதனுள் அடைபட்ட காற்று. டயரின் கூட்டுக்கு உள்ள சொந்த விறைப்பையும் ஓரங்களில் அழுத்தம் ஒரே சீராக இராததையும் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டால், தரையில் பதியும் தடத்தின் பரப்பு, சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்துக் கிடைப்பதே. நம் உதாரணக் காரில், பாயும் தருணத்தில் ஒரு பின்சக்கரத்தின் மேல் விழும் பாரம் சுமார் 475 கிலோ. சதுர அங்குலத்துக்கு 32 ராத்தல் காற்றடைத்தால் தடம் சுமார் 210 சதுர சென்டிமீட்டர். 285 டயரில் தரை தொடும் அகலம் 25 சென்டிமீட்டர் என்று கொண்டால், தடத்தின் நீளம் எட்டரை சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. டயரை மாத்திரம் 315 ஆக மாற்றித் தொடும் அகலத்தை 28 சென்டிமீட்டர் ஆக்கினால், நீளம் ஏழரையாகச் சுருங்குகிறது. பரப்பு கூடவில்லை, உருவமே மாறுகிறது. அதே டயரில் காற்றை 24 ராத்தலுக்கு இறக்கினாலோ, பரப்பு மூன்றில் ஒரு பங்கு வளர்ந்து 280 சதுர சென்டிமீட்டர் ஆகிறது.

ஆகவே அகலம் தானாக அழுத்தத்தைக் குறைப்பதில்லை. குறைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது என்பதே சரியான கூற்று. அகலமான டயருக்குள் காற்றின் கொள்ளளவு மிகுதியாதலால், தாழ்ந்த காற்றிலும் அது பாரத்தைத் தாங்கும்; குறுகிய டயரில் அதே காற்று, பக்கச்சுவரை மிதமிஞ்சி வளைத்து உஷ்ணத்தால் கெடுத்துவிடும். புது டயரைப் பூட்டிவிட்டுப் பழைய காற்றையே அடைப்பவர், அகலத்தின் பலனில் ஒரு பெரும் பகுதியைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்.

உருவம் மாறுவதில் பயன் இல்லாமலில்லை. வளைவில் திரும்பும்போது குட்டையாய் அகன்ற தடம் நன்மை செய்கிறது. ஏனெனில் தடத்தின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போய், பின்பகுதியில் சறுக்கத் தொடங்குகிறது, நீளம் குறைந்தால் அந்தச் சறுக்கும் பகுதியும் குறைகிறது. நேர்கோட்டுப் பாய்ச்சலுக்கு இந்த நியாயம் அவ்வளவாக உதவாது. நீண்ட தடம் அங்கே தாழ்வானதன்று என்றும், சில சந்தர்ப்பங்களில் உயர்வானது என்றும் கால் மைல்காரர்கள் சொல்வதில் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது.

இரண்டு பூர்விகங்கள்

பின்னால் அகலம், முன்னால் குறுகல் என்ற வழக்கத்துக்கு ஒரே மூலம் இருந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டு உண்டு. இரண்டின் நோக்கமும் வேறு.

அமெரிக்க மூலம் நேர்கோட்டுப் பந்தயம். 1951-ல் வாலி பார்க்ஸ் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கம், 1955-ல் கான்ஸாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. மாஸச்சூஸட்ஸில் எம் அண்ட் எச் கம்பெனி இப்பந்தயத்துக்கென்றே வரிப்பள்ளமில்லாத மொட்டை டயர்களைச் செய்தது. அந்த மரபின் உச்சியில் நிற்கும் டாப் ஃபியூவல் கார்களின் பின்டயர் சுமார் 36 அங்குல உயரமும் பதினேழரை அங்குல அகலமும் உடையது. ஆனால் அடைக்கும் காற்று ஏழு ராத்தல் அளவே. புறப்படும் நொடியில் அதன் பக்கச்சுவர் சுருக்கம் சுருக்கமாக மடிந்து, முறுக்கைத் தனக்குள் வாங்கிச் சிறிது சிறிதாகத் தரைக்குக் கொடுக்கிறது. சாலைக் கார்க்காரர்கள் இந்த மரபிலிருந்து அகலத்தை எடுத்துக்கொண்டு, உயரத்தையும் தாழ்ந்த காற்றையும் நெகிழ்ந்த சுவரையும் விட்டுவிட்டார்கள்; இருபது அங்குல ரிம்மின் மேல் பட்டையாய் ஒட்டிக்கிடக்கும் டயரிடம் அதே வேலையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஐரோப்பிய மூலம் வேறு. 1973-ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 முன்னால் 185, பின்னால் 215 மி.மீ. டயர்களுடன் வந்தது, அதன் பலம் 210 குதிரைசக்தியே. இயந்திரம் பின் ஆக்ஸிலுக்கும் அப்பால் தொங்குவதால், வளைவில் வால் முந்திக்கொண்டு வெளியே வீசும் குணத்தை அடக்குவதே அங்கே பிரதான நோக்கம். 1978-ல் லம்போர்கினி கவுன்டாக் எல்.பி. 400 எஸ், பிரெல்லியின் பி7 டயரைப் பின்னால் 345 மி.மீ. அகலத்தில் அணிந்து வந்தபோது, அகலம் ஓர் அந்தஸ்தின் சின்னமாகவும் ஆகிவிட்டது.

இரு மூலங்களையும் பிரித்து நோக்காததன் விளைவை மஸ்டாங்கில் காணலாம். முன்பாரம் மிகுந்த அந்தக் கார், வளைவில் இயல்பாகவே மூக்கை வெளியே தள்ளும் சுபாவமுடையது. பின்னால் மாத்திரம் அகலத்தைக் கூட்டினால், போர்ஷேக்கு மருந்தான அதே காரியம் இதற்கு நோயை வளர்க்கிறது. முன்டயரையும் அகலப்படுத்த வேண்டும் என்று வாதிப்பவர்களின் பட்சம் இங்கே வலுவுள்ளது.

தாழ்த்திய காரின் சங்கடம்

மேலே கூறிய அனைத்தும் டயரைப் பற்றியவை. கார் தாழ்த்தப்பட்டது என்ற விசேஷணம் சேர்ந்தவுடன், கேள்வி உராய்வு சாஸ்திரத்தைவிட்டு இரும்புத் தகட்டுக்கு வந்துவிடுகிறது.

முதலாவதாக, தாழ்த்துவது பின்பிடிமானத்துக்கு உதவும் என்ற பொது நம்பிக்கை நேர்ப்பாய்ச்சலைப் பொறுத்தமட்டில் தலைகீழானது. ஈர்ப்பு மையம் 53 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு, அதை மூன்று சென்டிமீட்டர் இறக்கினால், பாயும்போது பின்னால் சாயும் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ குறைகிறதேயன்றிக் கூடுவதில்லை. இந்த நஷ்டம் சொற்பம். கனமான நஷ்டம் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகளின் சாய்வில் நேர்கிறது. மஸ்டாங்கின் அந்தத் தலைமுறையில் பின் ஆக்ஸில் ஒரே உத்திரமாய், கீழே இரு கைகளாலும் மேலே ஒரு கையாலும் பிடிக்கப்பட்டிருக்கிறது; உடல் இறங்கும்போது கீழ்க்கைகளின் முன்முனை தாழ்ந்து, முறுக்கின் ஒரு பகுதியைக் கொண்டு டயரைத் தரையில் அழுத்தும் அமைப்பு பலவீனப்படுகிறது. ஆக்ஸில் துள்ளத் தொடங்குகிறது. கைகளின் பின்முனையைத் தாழ்த்திப் பூட்டும் தனிப்பிடிகள் கடைகளில் விற்பது இதற்காகவே; டயருக்கு முன்னால் இவற்றை வாங்க வேண்டும் என்போர் சொல்வது அநேகமாகச் சரி.

இரண்டாவதாக, இடம். அந்தக் காரின் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராதபடி பான்ஹார்டு கம்பி ஒன்று குறுக்கே கட்டியிருக்கிறது. ஒரு முனை உடலிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் இருப்பதால், உடல் இறங்கும்போது அது வட்டவில்லில் சுழன்று, ஆக்ஸிலைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. கம்பெனி டயரில் இது கண்ணுக்கே படாது. 315 டயரில், ஒரு சக்கரம் மட்கார்டின் விளிம்பை உரசும்போது மற்றது தாராளமாக நிற்கும். நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய கம்பியால் ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எந்த அளவெடுப்புக்கும் அர்த்தம் உண்டு. அந்த அளவெடுப்பையும் கார் நிற்கும் நிலையில் செய்வது போதாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் ரப்பர்த் தடை முட்டும் வரை உயர்த்தி, முதலில் இரு சக்கரங்களையும் சேர்த்தும், பின் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும் ஏற்றிப் பார்க்க வேண்டும்; ஏனெனில் ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்ஸில் சாய்ந்து, டயரின் தலை நிற்கும்போது இராத இடத்துக்குப் போகிறது.

ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஆக்ஸிலில் பூட்டப்படும் முகத்துக்கும் உள்ள தூரம், அதன் கணக்கும் இங்கேதான் வருகிறது. ரிம்மை ஒன்றரை அங்குலம் அகலமாக்கி ஆஃப்செட்டை மாற்றாவிட்டால், உள்ளும் புறமும் 19 மி.மீ. வீதம் வளரும், ஆஃப்செட்டை 19 கூட்டினால் 38 மில்லிமீட்டரும் உள்ளே சேஸிஸ் சட்டத்தை நோக்கிப் போகும், 19 குறைத்தால் முழுவதும் வெளியே மட்கார்டை நோக்கி வரும். வெளியே இடம் போதாதபோது, பெயின்ட் வெடிக்காதபடி சூட்டுக்காற்றால் இளக்கி, மட்கார்டின் உள்மடிப்பை உருளைக் கருவியால் மேலே மடிப்பார்கள். உள்ளே போதாதபோது, சக்கரக்கூட்டை அறுத்து அகலப்படுத்துவார்கள். முன்னது ஒரு பிற்பகல் வேலை. பின்னது காரின் ஜாதகத்தையே மாற்றுவது.

பின்சக்கரங்கள் தனித்தனியே தொங்கும் கார்களில் சங்கடம் வேறு உருவம் எடுக்கிறது. பழைய பி.எம்.டபிள்யூ. கார்களின் சாய்வுக்கை அமைப்பில், தாழ்த்தத் தாழ்த்தச் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. ஒரு பாகை சாய்ந்தால் மேல்விளிம்பு ஏறத்தாழ ஆறு மி.மீ. உள்ளே போகும், மட்கார்டுக்கு இடம் கிடைத்தது என்று சிலர் மகிழ்வதும் உண்டு. அகலமான டயர் அவ்வாறு சாய்ந்து உள்விளிம்பில் ஓடும்போது, காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி நேர்ப்பாய்ச்சலில் தரையை அழுத்தமாகத் தொடுவதேயில்லை. உள்விளிம்பு முதலில் மொட்டையாகும். வெளிப்பக்கம் புதிதுபோலவே இருக்கும்.

கலவைக் கட்சி

அகலத்தைவிட ரப்பரின் கலவையே முக்கியம் என்ற பட்சத்துக்கு, ஃபோர்டே அறியாமல் ஒரு சாட்சியம் தந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் ஜி.டி. 500-ல் பலம் 500-லிருந்து 662 குதிரைசக்தியாக உயர்ந்தது. பின்டயரின் அகலமோ அதே 285 மில்லிமீட்டரிலேயே நின்றது. மாறியவை ரிம்மின் விட்டமும், டயரின் மாதிரியும், மின்னணுக் கட்டுப்பாட்டின் சாமர்த்தியமும். அந்தக் காருக்குப் பின்பிடிமானம் போதவில்லை என்ற குறையும் பரவலாகவே எழுந்தது. ஆகையால் இந்தச் சாட்சியத்தை இரு கட்சியாரும் தத்தமக்குச் சாதகமாகப் படிக்கலாம்.

மிருதுவான கலவை உராய்வுக் குணகத்தைப் பத்து சதவீதம் உயர்த்தினால், எடை பின்னால் சாய்வதும் கூடவே வளருமாதலால், உந்துவிசை அதைவிடச் சற்று அதிகமாகவே உயர்கிறது. அதே அகலத்தில், மட்கார்டைத் தொடாமல், கிடைக்கும் லாபம் இது. பலவீனம் ஆயுளிலும் உஷ்ணத்திலும் இருக்கிறது. மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும். குளிரில் இறுகிப் பிடிமானம் இழக்கும். மிகையாகச் சூடேறினாலும் இழக்கும். அகலத்துக்கு உள்ள ஐயமற்ற பயன் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. அதே சக்தி அதிக ரப்பரில் பகிரப்படுவதால், சூடும் தேய்மானமும் தணிகின்றன. மிருதுவான கலவையை உபயோகிக்கும் துணிவு அதனால் வருகிறது. பிடிமானத்தைத் தருவது கலவையும் தாழ்ந்த காற்றும். அவ்விரண்டையும் சாத்தியமாக்குவது அகலம்.

மழை

மழையில் மட்டும் கருத்து வேற்றுமை குறைவு. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் வால்டர் ஹார்னும் சகாவும் 1963-ல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 ராத்தலுக்கு அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர், 24 ராத்தலுக்கு 81. சூத்திரம் விமானச் சக்கரங்களிலிருந்து பெறப்பட்டது. காருக்கு அப்படியே செல்லாது. வரிப்பள்ளத்தின் ஆழமும் தடத்தின் உருவமும் கணக்கில் வரவேண்டும். ஆயினும் குட்டையாய் அகன்ற தடம் நீரை ஓரங்களுக்குத் தள்ள நெடுந்தூரம் தள்ள வேண்டியிருப்பதும், காய்ந்த சாலைக்காக இறக்கிய காற்று நனைந்த சாலையில் பகையாவதும் ஒரே திசையையே காட்டுகின்றன. பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னதாக மிதக்கத் தொடங்கும் காரை ஓட்டுபவருக்கு எச்சரிக்கை மிகத் தாமதமாகவே கிடைக்கும்.

தீராதவை

அமோந்தோன் விதியைக் கொண்டு அகலத்தை மறுப்பது இனி நிலைக்காது. பரப்பு வளர்கிறது என்று சொல்லி அதை ஆதரிப்பதும் நிலைக்காது. இத்தனை குதிரைசக்திக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று பட்டறைகளில் வழங்கும் விகிதங்களுக்குச் சாஸ்திர ஆதாரம் காண்பது அரிது. தாழ்த்திய ஜி.டி. 500 போன்ற காரில், ஆக்ஸிலை நடுப்படுத்தி, கைகளின் சாய்வைத் திருத்தி, நல்ல கலவையுள்ள 305 டயரைச் சற்றுத் தாழ்ந்த காற்றில் ஓட்டுவது வரை, செலவுக்கும் பலனுக்கும் பொருத்தம் இருப்பதாகக் கொள்ளலாம். அதற்கு அப்பால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தகட்டை வெட்டிப் பெறுவதாகிறது.

எஞ்சியிருப்பது அகலத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுக்கும் பிரச்னை. டயரை மாற்றுபவர் அகலத்தை மாத்திரம் மாற்றுவதில்லை. கலவையும் மாதிரியும், காற்றும், ரிம்மின் எடையும், பல சமயம் சக்கரத்தின் விட்டமும் கூடவே மாறுகின்றன. 245/40 ஆர் 18 டயருக்குப் பதிலாக 275/40 ஆர் 18 பூட்டினால் விட்டம் 24 மி.மீ. வளர்ந்து, கியர் விகிதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் தளர்கிறது. சக்கரம் முன்போல வீணே சுழலாததற்கு அந்தத் தளர்ச்சியும் ஒரு காரணமாயிருக்கலாம், அகலத்தின் கணக்கில் அது வரவு வைக்கப்படுகிறது. 275/35 எடுத்தால் இந்தக் கலப்பு நீங்கும். ஆனால் சுவரின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் வேறாகிவிடுகிறது. இவற்றோடு, சறுக்கலை நொடிக்குப் பலமுறை அளந்து இயந்திரத்தின் பலத்தைக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, அகலமான டயரின் லாபத்தில் எவ்வளவை வெளியே காட்டுகிறது, எவ்வளவை மறைக்கிறது என்பதும் காருக்குக் கார் வேறுபடுகிறது.